பாணர் நடந்த வழியில்

நடந்து பயன் பெற்றவர், நடக்க வேண்டியவருக்கு வழி கூறுவதே ஆற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, 500 அடிகளில் காஞ்சி மாநகர்த் தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை ஆற்றுப்படுத்துகிறது. இடையே நீர்ப்பெயற்று என்னும் துறைமுகமும், இரவில் கலங்களை அழைக்கும் விளக்கமும் வருகின்றன. அத்துறை மாமல்லபுரமே எனக் கருதும் அறிஞரும் உளர்.

நாமோ இந்நூலை வகுப்பறையில் அமர்ந்தே கற்பிக்கிறோம். தேர்வு முடிந்ததும் மூடிவைக்கிறோம். இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையில் ஏறத்தாழ 1,000 கி.மீ. நடைபாதை அமைத்துள்ளனர். நம்மிடம் வழிகூறும் பாட்டே உண்டு, நடப்பாரைத்தான் காணோம்.

மார்கழியில் ஒருநாள் மாமல்லபுரத்திலிருந்து தெற்கே, சதுரங்கப்பட்டினம் நோக்கிக் கரையோரமாக மாணவருடன் நடப்போம். மணலில் கால் புதைய நடந்து, வலை உலர்த்தும் மீனவரோடு உரையாடிய பின்னரே பாணனின் களைப்பும் நெய்தலின் வாழ்வும் அவர்களுக்கு விளங்கும்.

மாணவியரை அனுப்பப் பெற்றோர் தயங்குவதை அறிவோம். பாணர் சுற்றத்தில் விறலியரும் இருந்தனர். அவர்களும் பரிசில் பெறுவதை அந்நூலே பேசுகிறது. பூமியில் பயணம் செய்து சிந்திக்குமாறு திருமறையும் ஏவுகிறது. பேராசிரியைகள் உடன்வருவர், பெரியோர் இசைவு தருவார்களாக!