பாத்திரம் துலக்கும் இயந்திரம்: பெயரைப் பார்த்து வாங்குவதா, வீட்டைப் பார்த்து வாங்குவதா?

இல்லத்தில் நாள்தோறும் நடைபெறும் பணிகளுள், செய்து முடித்த சுவடே தெரியாமல் மறைந்துபோவது பாத்திரம் துலக்கும் பணி. சமைத்த கையைப் புகழ உண்டவர் நாவேனும் முன்வரும். துலக்கிய கையைப் புகழ்வார் இலர். காலையில் கழுவிக் கவிழ்த்த இட்லித் தட்டுகள் உலருமுன் நண்பகல் உணவின் பாத்திரங்கள் வந்து குவிகின்றன. இரவில் குடும்பச் செபம் முடிந்து மற்றவர்கள் படுக்கைக்குச் செல்லும்போது, சமையலறைத் தொட்டியின் அருகே நின்றுகொண்டிருப்பவர் பெரும்பாலும் அவ்வீட்டின் தாயே ஆவார்.

இப்பணியைத் தன்மேல் ஏற்கும் டிஷ்வாஷர் என்னும் இயந்திரம் நம் நாட்டில் நெடுங்காலம் செல்வர் வீட்டுப் பொருளாகவே கருதப்பட்டு வந்தது. 2020-ஆம் ஆண்டில் கொரோனா ஊரடங்கின்போது வீட்டுப் பணியாளர் வர இயலாது போகவே, பலரும் இதை நாடினர், விற்பனை பெருகிற்று. அதுமுதல், "எந்தக் கம்பெனியின் இயந்திரம் நல்லது?" என்னும் கேள்வி நம் பங்குக் குடும்பங்களிலும் எழுந்துவருகிறது. பாஷ், சீமென்ஸ், ஐ.எஃப்.பி., எல்.ஜி., வோல்டாஸ் பேக்கோ என்று பெயர்கள் பல. கடைக்காரரோ தம் கடையில் இருப்பதையே போற்றுவார். பல மாதச் சேமிப்பை ஒருங்கே கொடுத்து வாங்கும் பொருளாதலால், இம்மாதம் அதைச் சற்று விரிவாக ஆராய்வோம். நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கம்பெனிகளை ஒப்பிடுமுன் நம் வீட்டுத் தண்ணீரையும், நம் பாத்திரங்களையும், நம் வீட்டு மனிதர்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வியந்திரம் பிறந்த வரலாறே இதற்குச் சான்று. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசபின் காக்ரேன் என்னும் பெண்மணி 1886-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1893-இல் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் அது பலரின் கருத்தைக் கவர்ந்தது. ஆயினும் அதை விரும்பி வாங்கியவை பெரிய உணவகங்களும் விடுதிகளுமே. வீடுகளுக்குள் அது எளிதில் நுழைய இயலவில்லை. அக்கால வீடுகளில் அதற்குப் போதிய வெந்நீர் கிடையாது என்பது ஒரு முக்கியக் காரணம். இயந்திரம் சிறந்ததாயினும், அதை ஏற்கும் வசதி வீட்டில் இல்லையேல் பயனில்லை என்பது அன்றே தெளிவாயிற்று.

இதன் செயல்முறை எளியது. கை தேய்ப்பதுபோல் இது தேய்ப்பதில்லை. உள்ளே சுழலும் குழாய்க் கரங்கள் சூடான நீரைப் பாத்திரங்கள்மீது விசையுடன் பீய்ச்சுகின்றன. நீரின் சூடு, விசை, அதற்கென்றே செய்யப்பட்ட காரமான சோப்புத்தூள் ஆகிய மூன்றும் சேர்ந்து அழுக்கை அகற்றுகின்றன. ஒரே நீர் வடிகட்டப்பட்டு மீண்டும் மீண்டும் பாய்வதால் நீர்ச் செலவு குறைகிறது. கையால் துலக்கப் பயன்படுத்தும் சோப்புத் திரவத்தை இதில் ஊற்றலாகாது. நுரை பொங்கி வழிந்து இயந்திரத்தைப் பழுதாக்கும்.

நீரே இங்கு முதற்பொருள் என்பதால், முதல் ஆராய்ச்சியும் நீரைப் பற்றியதாகவே இருத்தல் வேண்டும். நம் ஊர்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் பெரும்பாலும் கடின நீர். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படிவது அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தே. இந்நீரை அப்படியே பயன்படுத்தினால் கண்ணாடித் தம்ளர்கள் மங்கும். இயந்திரத்தின் உள்ளுறுப்புகளிலும் சுண்ணாம்பு படியும். இதைத் தடுப்பதற்காகவே நீரை மென்மையாக்கும் பகுதியொன்று இயந்திரத்தினுள் அமைந்துள்ளது. அது தொடர்ந்து வேலை செய்ய அவ்வப்போது அதற்கென விற்கப்படும் உப்பை இடவேண்டும். சமையல் உப்பு இதற்கு ஆகாது.

குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி, ஒரு லிட்டர் நீரில் கடினத்தன்மை 200 மில்லிகிராம் வரை ஏற்புடையது. வேறு நீர் கிடைக்காவிடில் 600 வரை பொறுக்கலாம். இயந்திரங்களின் கையேடுகளோ இதைப் பெரும்பாலும் ஜெர்மானிய முறைப்படி பாகைகளில் குறிக்கின்றன. ஒரு பாகை என்பது ஏறத்தாழ 17.8 மில்லிகிராம். அவ்வாறாயின் 600 மில்லிகிராம் என்பது ஏறக்குறைய 34 பாகை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் செலுத்தி நீரைச் சோதித்துக்கொள்ளலாம். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த மாதிரி எத்தனை பாகை வரை தாங்கும்?" என்று ஒவ்வொரு கம்பெனியையும் கேளுங்கள். விளம்பரத்தின் பத்து வாக்குறுதிகளைவிட இந்த ஒரு விடை பயனுடையது.

நீரின் அழுத்தமும் கருதத்தக்கது. பல மாதிரிகளுக்கு 0.3 அல்லது 0.5 பார் அளவேனும் அழுத்தம் வேண்டும். பத்து மீட்டர் உயரத்தில் நிற்கும் நீர் தரும் அழுத்தமே ஏறத்தாழ ஒரு பார். ஆகவே 0.5 பார் கேட்கும் இயந்திரத்திற்குத் தொட்டி 5 மீட்டர் உயரத்திலேனும் இருத்தல் வேண்டும். மொட்டை மாடியில் தொட்டி வைத்த தரைத்தள வீட்டில் 3 அல்லது 4 மீட்டர் உயரமே கிடைக்கும். இதை அளந்து பாராமல் வாங்கியபின், தனியாக ஒரு பம்பு பொருத்த நேரிடலாம். மேலும், நீரைச் சூடாக்கும்போது ஏறத்தாழ 2,000 வாட் மின்சாரம் செல்லும். ஆதலால் தரை இணைப்புடன் கூடிய 16 ஆம்பியர் பிளக் இன்றியமையாதது. மின்சாரம் நின்று மீண்டும் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடருமா என்பதையும் கேட்டறிதல் நலம்.

அடுத்தது பாத்திரங்கள். "12 பேர்", "13 பேர்", "14 பேர்" என்று கடைகளில் சொல்லப்படும் கணக்கு மேனாட்டு உணவு மேசையை ஒட்டியது. தட்டு, கிண்ணம், கோப்பை, கரண்டி, முள்கரண்டி ஆகியவை சேர்ந்ததே அங்கு ஒருவருக்கான தொகுதி. நம் சோற்றுப்பானையும் குழம்புச் சட்டியும் வாணலியும் அக்கணக்கில் அடங்கா. ஆகையால் நால்வர் உள்ள வீட்டிற்கும் 12 அல்லது 13 பேர் அளவே பொருத்தமாக அமையும். 60 சென்டிமீட்டர் அகலமுள்ள இயந்திரம் இதற்கு வேண்டும். 45 சென்டிமீட்டர் அகலமுள்ளவை மிகச் சிறு குடும்பத்திற்கே உதவும். கடைக்குச் செல்லும்போது உங்கள் வீட்டின் மிகப் பெரிய தட்டையும் ஓர் இட்லித் தட்டையும் கையோடு எடுத்துச் செல்ல வெட்கப்பட வேண்டாம். மேல்தட்டை உயர்த்தியும் தாழ்த்தியும் அவற்றை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

எல்லாப் பாத்திரமும் இதற்கு ஏற்றதன்று. எவர்சில்வர், கண்ணாடி, பூவேலையில்லாத பீங்கான் ஆகியவை நன்கு துலங்கும். அலுமினியம் கறுத்துவிடும், ஆகவே அலுமினியக் குக்கரை இதில் இடலாகாது. இரும்புத் தோசைக்கல்லும் வாணலியும் பழகிய எண்ணெய்ப் பதத்தை இழந்து துருப்பிடிக்கும். பித்தளை, செம்பு, மரக்கரண்டி, மண்சட்டி ஆகியவற்றிற்கும் இது உகந்ததன்று. உங்கள் வீட்டில் இத்தகையவை பாதிக்குமேல் இருப்பின், எந்தக் கம்பெனியின் இயந்திரமும் உங்கள் வேலையைப் பாதிக்குமேல் குறைக்காது.

இவ்விரண்டையும் எண்ணிய பின்னரே பெயர்களை ஒப்பிடத் தகும். பாஷ், சீமென்ஸ் ஆகிய இரு பெயர்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அவ்விரு ஜெர்மானிய நிறுவனங்களும் 1967-இல் கூட்டாகத் தொடங்கிய நிறுவனமே இரு பெயர்களிலும் விற்கிறது. 2015 முதல் அது முழுதும் பாஷுக்கே உரியது. எனவே இரண்டிற்கும் இடையே பெயருக்காக மட்டும் மிகுதியான விலை கொடுத்தல் வேண்டா. ஐ.எஃப்.பி. 1974-இல் தொடங்கப்பெற்ற இந்திய நிறுவனம். இயந்திரத்திற்கு வேண்டிய தூளையும் உப்பையும் தானே விற்கிறது. எல்.ஜி. தென்கொரிய நிறுவனம், அதன் சில மாதிரிகளில் நீராவியும் பாய்ச்சப்படும். வோல்டாஸ் பேக்கோ, டாட்டா குழுமத்து வோல்டாஸும் துருக்கியின் ஆர்செலிக் நிறுவனமும் 2017-இல் ஏற்படுத்திய கூட்டு நிறுவனம்.

இவற்றுள் எது சிறந்தது? ஒரே கம்பெனியின் இரு மாதிரிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு, இரு கம்பெனிகளுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிதாக இருப்பதுண்டு. ஆதலின் மாதிரிவாரியாகவே நோக்குக. உட்புறம் முழுவதும் எவர்சில்வரா, அடிப்பகுதி மட்டும் பிளாஸ்டிக்கா? எண்ணெய்ப் பிசுக்கு நிறைந்த வாணலிகளுக்கென 70 பாகை வரை சூடேறும் முறை உண்டா? கடைசியில் கதவு தானே சற்றுத் திறந்து ஈரத்தை வெளியேற்றுமா? கடலோர ஊர்களில் காற்றே ஈரமாயிருப்பதால் இறுதியாகச் சொன்னது கவனத்திற்குரியது. எல்லாவற்றிற்கும் மேலாக, பழுது பார்ப்பவர் உங்கள் ஊருக்கு வருவாரா? வாங்குமுன்னரே அக்கம்பெனியின் சேவைத் தொலைபேசிக்கு அழைத்து, உங்கள் ஊர்ப்பெயரைச் சொல்லி விசாரியுங்கள். மாவட்டத் தலைநகரில் புகழ்பெற்ற பெயர், ஐம்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள சிற்றூரில் பயனற்றுப் போகலாம்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். ஒரு முறை ஓட ஏறத்தாழ 10 லிட்டர் நீரும் 1 யூனிட் மின்சாரமும் ஆகும். குழாயைத் திறந்துவிட்டுத் துலக்கினால், நிமிடத்திற்கு 6 லிட்டர் வீதம் பத்தே நிமிடத்தில் 60 லிட்டர் ஓடிவிடும். 2019-இல் சென்னை மாநகர் பட்ட தண்ணீர்ப் பஞ்சத்தை எண்ணுவோர்க்கு இவ்வேறுபாட்டின் அருமை விளங்கும். எனினும் வாளி நீரில் சிக்கனமாகக் கழுவுவோர்க்கு இவ்வளவு மிச்சம் கிட்டாது. தூள், உப்பு, 'ரின்ஸ் எய்ட்' எனப்படும் திரவம் ஆகியவற்றை மாதந்தோறும் வாங்க வேண்டியிருக்கும். பல வீடுகளில் மின்கட்டணத்தைவிட இதுவே மிகுதி. இச்செலவை ஓராண்டுக்குக் கணக்கிட்டு, இயந்திரத்தின் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

இனி, எந்தக் கடைக்காரரும் சொல்லாத ஒன்று உண்டு. பல வீடுகளில் பாத்திரம் துலக்குவது பணிக்கு வரும் ஓர் ஏழைப் பெண்மணி. இயந்திரம் வந்த மறுநாள் "இனி நீ வரவேண்டாம் அம்மா" என்று அவரிடம் சொல்வது எளிது. ஆனால் அவர் வீட்டு அடுப்பு நம் வீட்டுத் தொட்டியை நம்பியே எரிந்தது என்பதை மறத்தலாகாது. அருட்சகோதரி ஜீன் தெவோஸ் 1985-இல் வீட்டுப் பணியாளர்களுக்கென ஒரு தேசிய இயக்கத்தைத் தொடங்கியது, இவர்களும் உரிமையுள்ள தொழிலாளர் என்பதை நாம் உணரும்பொருட்டே. 2011-இல் ஜெனீவாவில் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு ஏற்ற 189-ஆவது உடன்படிக்கையும் அதையே வலியுறுத்துகிறது. ஆகவே இயந்திரம் வாங்குவோர், அப்பெண்மணியின் ஊதியத்தைக் குறைக்காமல் வேறு இலகுவான வேலை கொடுக்க இயலுமா என்று முதலில் பார்த்தல் வேண்டும். இயலாதெனில் வேறு வீடு தேடிக்கொள்ளப் போதிய காலமும், அக்காலத்திற்குரிய ஊதியமும் தருதல் நீதி. இது தருமம் அன்று, கடமை. இத்தொகையையும் இயந்திரத்தின் விலையில் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும்.

பணிப்பெண் இல்லாத வீடுகளில் கேள்வி வேறு. எச்சிலை வழித்து, தட்டுகளை அடுக்கி, வடிகட்டியைக் கழுவி, துலங்கியவற்றை எடுத்து வைக்கும் வேலையை எந்த இயந்திரமும் செய்வதில்லை. அதுவும் தாயின் தலையிலேயே விழுந்தால் அவர் பெற்ற ஓய்வுதான் என்ன? புனித இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், சமூகமும் ஏன், சொந்தக் குடும்பமும்கூட உரிய மதிப்பளிக்காத நிலையில் இல்லத்தின் சுமையைத் தாங்கும் பெண்களின் உழைப்பைக் குறிப்பிட்டுள்ளார். லூக்காஸ் நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தில் வரும் மார்த்தாவை நாம் எளிதில் குறை கூறிவிடுகிறோம். தன்னைத் தனியே வேலை செய்ய விட்டுவிட்டதே அவள் முறையீடு என்பதைக் கவனிப்பவர் சிலரே.

ஆதலின் வாங்கும் நாளன்றே குடும்பத்தார் கூடி ஒரு முடிவு செய்யட்டும். இரவு உணவுக்குப்பின் பாத்திரங்களை அடுக்குவது தந்தையின் பொறுப்பு. காலையில் எடுத்து வைப்பது மகனும் மகளும் முறைவைத்துச் செய்யும் வேலை. இயந்திரம் வாங்க வசதியில்லாத குடும்பம் வருந்த வேண்டியதில்லை. இதே முறையை ஒரு வாளி நீரையும் ஒரு தேங்காய் நாரையும் கொண்டு இன்றிரவே தொடங்கிவிடலாம். அதற்குக் கம்பெனிப் பெயரும் தேவையில்லை. தவணைப் பணமும் தேவையில்லை.