ஒரே பள்ளி, ஒரே வேலை, இரண்டு சம்பளம்: ஜனவரி 26 கிராம சபைக்கு வாருங்கள்

பசுவந்தனை மற்றும் சுற்றுவட்டாரக் கிராமங்களின் பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே,

அரையாண்டு விடுமுறை முடிந்து நாளை திங்கட்கிழமை பள்ளிகள் திறக்கின்றன. நம் தொடக்கப் பள்ளிகள் சிலவற்றில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்த பிறகும் ஆசிரியர் வராமல் போகலாம். டிசம்பர் 26 முதல் இடைநிலை ஆசிரியர்கள் சென்னையில் போராடி வருகிறார்கள். காலையில் கூடுகிறார்கள். போலீசார் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மண்டபத்தில் வைக்கிறார்கள், மாலையில் விடுகிறார்கள். மறுநாள் காலை மறுபடியும் கூடுகிறார்கள். கைக்குழந்தையோடு வந்த டீச்சர்மாரும் அந்த வண்டியில் ஏறுகிறார்கள்.

இங்கே நம் ஊரிலோ டீக்கடையிலும் பஸ் நிறுத்தத்திலும் வேறு பேச்சு ஓடுகிறது. "வாங்குற சம்பளம் பத்தாதா? இவங்களுக்கு எப்பப் பார்த்தாலும் போராட்டந்தானா?" என்கிறார்கள். அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமலே பேசுகிறோம். தெரிந்த பிறகும் இப்படிப் பேச நம்மில் யாருக்கும் மனம் வராது. இந்த வேண்டுகோளை எழுதுவது அதற்காகத்தான்.

விஷயம் இதுதான். ஆறாவது ஊதியக்குழுவின்படி தமிழக அரசு 2009 ஜூன் 1 அன்று புதிய சம்பளத்துக்கு ஆணை போட்டது. மே 31க்குள் வேலைக்குச் சேர்ந்திருந்த இடைநிலை ஆசிரியருக்கு, பழைய சம்பளம் 4,500 ரூபாயை 1.86 மடங்காக்கி 8,370 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய். தர ஊதியம் 2,800 இருவருக்கும் பொது. ஆக, முன்னவருக்கு 11,170, பின்னவருக்கு 8,000. மாதம் 3,170 ரூபாய் வித்தியாசம். மே 31ஆம் தேதி கையெழுத்துப் போட்டவருக்கு ஒரு சம்பளம், ஒரு ராத்திரி தள்ளிக் கையெழுத்துப் போட்டவருக்கு வேறு சம்பளம்.

இந்த வித்தியாசம் அங்கேயே நிற்கவில்லை. 2017இல் ஏழாவது ஊதியக்குழு வந்தபோது இருவர் சம்பளத்தையும் 2.57ஆல் பெருக்கினார்கள். 3,170 ரூபாய்ப் பள்ளம் எட்டாயிரத்துக்கு மேல் போய்விட்டது. அதன்மேல் அகவிலைப்படி, 2026 ஜனவரித் தொடக்க நிலவரப்படி 58 சதவீதம். கணக்குப் போட்டால் மாதம் ஏறத்தாழ 12,900 ரூபாய், ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு முறை அகவிலைப்படி உயரும்போதும் இந்தப் பள்ளம் இன்னும் கொஞ்சம் ஆழமாகிறது. ஓய்வூதியமும் சம்பளத்தை ஒட்டியே அமைகிறது என்பதால், இந்த இழப்பு ஓய்வு பெற்ற பிறகும் அவர்களை விடாது. இப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் தமிழ்நாட்டில் சுமார் 20,000 பேர்.

வேலையில் ஏதாவது வித்தியாசம் உண்டா? நம் ஊராட்சி ஒன்றியப் பள்ளி எதற்காவது ஒரு நாள் காலையில் போய்ப் பாருங்கள். காலை உணவு பரிமாறும்போது ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும். செல்போனில் வருகைப் பதிவு ஏற்ற வேண்டும், டவர் கிடைக்காவிட்டால் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வர வேண்டும். எண்ணும் எழுத்தும் பாடத்துக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று ஒரே அறையில் மூன்று வட்டமாகப் பிள்ளைகளை உட்கார வைத்து மூன்று விதமாக நடத்த வேண்டும். பிள்ளைகள் எண்ணிக்கை 60க்குள் இருந்தால் இரண்டே ஆசிரியர்கள்தான். ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போனால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். இரண்டு பேரும் படித்தது அதே பிளஸ் டூ, அதே ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். நடத்துவது அதே புத்தகம். தீப்பெட்டி ஆபீசுக்கும் பருத்தி எடுக்கவும் விடியலிலேயே போய்விடும் தாய் தகப்பன் பெற்ற பிள்ளைகளுக்கு கைபிடித்து அ, ஆ எழுதக் கற்றுக் கொடுப்பவர்கள் இருவருமே.

நம்மையே எடுத்துக்கொள்வோம். களையெடுக்க ஒரே புஞ்சைக்குப் போன இரண்டு பெண்களில் ஒருத்திக்கு 400, இன்னொருத்திக்கு 280 என்று கொடுத்தால் நம் தெரு சும்மா இருக்குமா?

இந்தச் சம்பளப் பள்ளத்தைச் சரி செய்யச் சொல்லி ஆசிரியர்கள் நேற்றுதான் கிளம்பினார்கள் என்று எண்ண வேண்டாம். முதலில் ஒரு நபர் குழு வந்தது. பிறகு ஊதியக் குறைகளைப் பார்க்க இன்னொரு குழு. 2018இல் அதிகாரி சித்திக் தலைமையில் மறுபடி ஒரு குழு. அந்த ஆண்டு டிசம்பரில் சென்னையில் பள்ளிக் கல்வித் துறையின் டி.பி.ஐ. வளாகத்தில் சாப்பாடு தண்ணீர் இல்லாமல் கிடந்தார்கள். பலர் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அன்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்து, 2021இல் முதலமைச்சரானவர் நேரில் வந்து ஆறுதல் சொன்னார். அவர் கட்சியின் 2021 தேர்தல் அறிக்கையில் 311ஆவது வாக்குறுதியாக இது இடம் பெற்றது. 2022 டிசம்பரில் மறுபடி உண்ணாவிரதம். 2023 ஜனவரி 1 அன்று மூன்று பேர் குழு அமைக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில் திரும்பவும் உண்ணாவிரதம், அக்டோபரில் கைது. இப்போது 2026 பிறந்துவிட்டது. மூவர் குழு போட்டே மூன்று ஆண்டு முடிந்துவிட்டது. தவறு நடந்தது ஒரு கட்சி ஆட்சியில், பத்தாண்டு அப்படியே கிடந்தது இன்னொரு கட்சி ஆட்சியில், வாக்குறுதி கொடுத்தும் நிறைவேறாமல் நிற்பது மீண்டும் முதல் கட்சி ஆட்சியில். யாரும் இங்கே கை கழுவிக்கொள்ள முடியாது.

நேற்று, ஜனவரி 3ஆம் தேதி, அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அரசு அறிவித்தது. அரசு ஊழியர், ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோ 6ஆம் தேதி தொடங்க இருந்த வேலைநிறுத்தமும் நின்றது. அந்த அறிவிப்பை வரவேற்கிறோம். அது தானாக வந்துவிடவில்லை. 2003 ஏப்ரல் முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் போனது. அதே ஆண்டு ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தவர்களை எஸ்மா, டெஸ்மா என்னும் அத்தியாவசியப் பணிகள் சட்டங்களைச் சொல்லி ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை வேலையை விட்டே நீக்கினார்கள். வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றமும் அந்த ஆகஸ்டில் சொன்னது. அத்தனைக்குப் பிறகும் சங்கம் கலையாமல் நின்றதால்தான் இருபத்து மூன்று ஆண்டு கழித்தாவது ஒரு அறிவிப்பு வந்திருக்கிறது. ஆனால் பாதிக்கப்பட்ட அந்த 20,000 பேரின் சம்பளக் கணக்கு இந்த அறிவிப்பாலும் நேராகவில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். அரசுப் பள்ளிகளில் ஓவியம், தையல், விளையாட்டு, கணினி சொல்லித் தர 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து அது 12,500 ஆனது. அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களுக்கு மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இலேயே சொல்லிவிட்டது. இங்கே 2025இல் கொடுத்தது 25,000. அதுவும் 11 மாதத்துக்குத்தான். கோவில்பட்டித் தனியார் பள்ளிகளுக்கு வேன் ஏறிப் போய்ப் பாடம் நடத்தும் நம் வீட்டுப் பெண்களின் நிலை இதைவிட மோசம். ஆசிரியர் என்பவர் தொழில் தகராறு சட்டத்தின் கண்ணில் 'தொழிலாளி' ஆக மாட்டார் என்று 1988இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சங்கம் உள்ள அரசு ஆசிரியரே நியாயமான சம்பளம் கேட்டுப் போலீஸ் வண்டியில் ஏற வேண்டியிருக்கும்போது, சங்கமே இல்லாத அந்தப் பெண்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? சம வேலைக்குச் சம ஊதியம் இங்கே தோற்றால், அது அவர்கள் சம்பளத்திலும் விடியும்.

போராட்டம் என்றால் என்னவென்று கரிசல்காட்டுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு 1984 டிசம்பரில் கடைசி மூச்சை விட்டது கோவில்பட்டியில்தான். இன்றைக்கும் உளுந்துக்கும் மக்காச்சோளத்துக்கும் பயிர்க் காப்பீடு கேட்டுக் கோட்டாட்சியர் அலுவலக வாசலில் மனுவோடு நிற்கிறோம். நாம் கேட்டால் உரிமை, டீச்சர் கேட்டால் பேராசையா? அந்த மனுவை எழுத நமக்குக் கற்றுக் கொடுத்தவர் யார்?

ஆகவே நம் மக்களிடம் கேட்பது இவைதான்.

ஜனவரி 26 குடியரசு தினத்தன்று நடக்கும் கிராம சபைக்குக் குடும்பத்தோடு வாருங்கள். ஊராட்சிகளில் ஓராண்டாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை, தனி அலுவலர்தான் இருக்கிறார். அதனால் நாம்தான் பேச வேண்டும். '2009 ஜூன் 1க்குப் பின் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்குச் சம வேலைக்குச் சம ஊதியம் வழங்க வேண்டும்' என்று தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். அதற்கு முன் கையெழுத்துப் போட்டால், மேலே உள்ள வெற்றிடத்தை யாரும் எப்படியும் நிரப்பிக்கொள்ளலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள தாய்மார்கள் இந்த வாரமே கூட்டம் போட்டு இதே தீர்மானத்தை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். பள்ளியில் ஆசிரியர் இல்லை என்றால் கல்வித் துறையிடம் கேளுங்கள். தெருவில் எதிர்ப்படும் டீச்சரை மறித்து ஏசாதீர்கள்.

2009க்கு முன் வேலைக்குச் சேர்ந்த ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்து நாற்காலிக்காரர் பதினாறு ஆண்டாக இழந்து வருவது உங்களுக்குத் தெரியும். கூட நிற்காமல் இருப்பது உங்களுக்கு அழகல்ல. போராடும் ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்கிறோம்: பிள்ளைகள் இழக்கும் பாட நாட்களைச் சனிக்கிழமைகளில் ஈடுகட்டித் தாருங்கள். ஊர் உங்கள் பின்னால் நிற்க அது ஒன்றே போதும்.

இன்னும் நாலைந்து மாதத்தில் சட்டமன்றத் தேர்தல். ஓட்டுக் கேட்டு எல்லாக் கட்சியும் நம் வாசலுக்கு வரும். வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் கேள்வியாக இதைக் கேட்போம்: எந்தத் தேதியில், எந்த அரசாணையில், எத்தனை ரூபாய்? 'பரிசீலிக்கிறோம்' என்று மட்டும் சொல்பவருக்கு நம் தெருவில் வேலை இல்லை. குழுவும் வாக்குறுதியும் போதுமான அளவு பார்த்துவிட்டோம். அரசாணை வராவிட்டால், அந்தக் கணக்கை வாக்குச்சாவடியில் தீர்ப்போம்.

இப்படிக்கு,
பசுவந்தனை வட்டாரப் பெற்றோர்கள், விவசாயிகள், முன்னாள் மாணவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள்
4.1.2026