கொழும்பின் திட்டம் பொகவந்தலாவையில் தொடங்கட்டும்

கொழும்புத் துறைமுகத்தை வளர்த்தது மலைநாட்டுப் பயிர்தான். கோப்பிக்காக 1867இல் கண்டிவரை ரயில் போட்டார்கள். 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. 1885இல் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதாங்கி கட்டி முடிந்தது. இன்று காலிமுகத் திடலை ஒட்டிக் கடலை நிரப்பி, 269 ஹெக்டேயரில் துறைமுக நகரம் எழுகிறது. பேச்செல்லாம் கடலைப் பற்றித்தான். மலையைப் பற்றி மூச்சில்லை. ஆனால், மலைநாட்டுப் பொகவந்தலாவை வழியாக வரும் கெசல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தேங்கி, மின்சாரம் தந்து, மஸ்கெலி ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிறது. அந்த ஆற்று நீரை அம்பத்தலேயில் சுத்திகரித்துத்தான் கொழும்பு பெரும்பாலும் குடிக்கிறது. மேலே நிலைமை என்ன? ஓயாக்கரையில் திருட்டுத்தனமாக மாணிக்கம் தோண்டுகிறார்கள். கரை இடிந்து, தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்தில் போகிறது. பராமரிப்பில்லாத தேயிலை மலைகளில் வடிகான்கள் தூர்ந்து, மழை மண்ணை வழித்துக்கொண்டு போய் நீர்த்தேக்கத்தில் சேர்க்கிறது. 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற பெயரைக் கொழும்பு வாங்கியது நல்ல விஷயம். ஆனால் கீழே சதுப்பைக் காத்துவிட்டு மேலே மலையைக் கைவிட்டால் 2016 மே மாத வெள்ளம் போல இன்னொன்று வரத்தான் செய்யும். ஆகவே தலைநகரின் தண்ணீர்க் கட்டணத்தில் ஒரு பங்கை ஆற்றின் தலைமாட்டுக்கு ஒதுக்க வேண்டும்: கான் வெட்ட, கரையில் மரம் வைக்க. லயன் காம்பிராவில் தலைமுறைகளாக இருக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்குக் காணி உறுதியும் கொடுக்க வேண்டும். சொந்த மண் இருப்பவர்தான் மண்ணைக் காப்பார்.