பேச வந்த விடயமும் பேசப்படும் விடயமும்

மட்டக்களப்பு - கல்முனை பிரதான வீதியில், ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக அமைந்துள்ள தமிழ்க் கிராமம் பெரியகல்லாறு. நிர்வாக ரீதியில் அது களுவாஞ்சிகுடியிலுள்ள மண்முனை தெற்கு எருவில்பற்றுப் பிரதேச செயலகத்துக்கு உட்பட்டது. எனினும் கடைத்தெரு, வைத்தியசாலை, கொண்டான் கொடுத்தான் உறவு என்று வரும்போது அக்கிராமத்தவர்களின் கால்கள் தெற்கே கல்முனையை நோக்கியே செல்கின்றன. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாக்கப்பட்டபோது வரையப்பட்ட எல்லைக்கோடு இந்தத் தொடர்பை அறுத்துவிடவில்லை. ஆகவேதான், கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துவது பற்றிய சர்ச்சை, அந்தச் செயலகத்தில் தமக்கென ஒரு கோவைகூட இல்லாத பெரியகல்லாற்று மக்களிடையேயும் சூடான பேச்சுப்பொருளாக விளங்குகின்றது.

அந்தப் பேச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதுதான் இங்கு நமது கவனத்துக்குரியது. கணக்காளர் இல்லாத அலுவலகம் எவ்வாறு இயங்கும் என்ற கேள்வியோடு அது ஆரம்பமாகும். தேநீர் ஆறுவதற்குள் அது 1990 ஆம் ஆண்டுக்குப் போய்விடும். அங்கிருந்து வடக்கு - கிழக்கு இணைப்பு, அங்கிருந்து அமைச்சர் பதவிகள், அங்கிருந்து யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள் என்ற கணக்கு. சில கிலோமீற்றர் தூரத்திலுள்ள மருதமுனையில் இதே விடயம் பேசப்படும்போதும் பாதை அதுவே. வழியில் வரும் ஊர்ப் பெயர்கள் மட்டும் வேறு. கடைசியில் எழுந்து செல்லும்போது, கணக்காளரைப் பற்றி எவருக்கும் நினைவிருப்பதில்லை.

நம் மக்களுக்கு விவாதம் செய்யத் தெரியவில்லை என்று இதற்குக் காரணம் கூறுவோர் உளர். அது அவசரத் தீர்ப்பு என்பதே நமது எண்ணம். அதே மனிதர்கள் தமது ஆலயத்தின் வண்ணக்கர் சபையிலோ பள்ளிவாசலின் மரைக்காயர் சபையிலோ அமர்ந்தால், திருவிழாச் செலவையும் கந்தூரிக் கணக்கையும் சதம் பிசகாமல் பேசி முடிக்கின்றார்கள். குடிவழியாகப் பிரதிநிதிகளை அமர்த்திக் காரியம் பார்க்கும் வழக்கம் கிழக்கிலே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. அங்கே பேசுவதால் ஏதோ ஒன்று முடிவாகும் என்ற நம்பிக்கை உண்டு. அரசியல் பேச்சிலே அந்த நம்பிக்கை இல்லை. முடிவெடுக்கும் அதிகாரம் தம்மிடம் இல்லாதபோது, பேச்சு மனச்சுமையை இறக்கிவைக்கும் இடமாக மாறிவிடுகின்றது.

கல்முனை விவகாரத்தின் அடிப்படையை நோக்குவோம். 1989 இல் உருவாக்கப்பட்ட இந்த உப செயலகம் 29 கிராம சேவையாளர் பிரிவுகளைக் கொண்டது. இதனைத் தரமுயர்த்துவதற்கு 1993 இலேயே அமைச்சரவை இணங்கியதெனத் தமிழ்த் தரப்பு வாதிடுகின்றது. நிதி, காணி அதிகாரங்கள் முழுமையாகக் கிடைக்காததால் மக்கள் அலைக்கழிகின்றனர் என்பது அதன் முறைப்பாடு. நிலத்தொடர்பற்ற எல்லைகளும், முஸ்லிம் வர்த்தகர்கள் நிறைந்த கல்முனை நகரம் தமது பிரிவிலிருந்து கைநழுவிப் போய்விடுமோ என்ற அச்சமும் முஸ்லிம் தரப்பின் ஆட்சேபனைகள். இரண்டும் நியாயமான கேள்விகளே. வரைபடமொன்றை மேசைமீது விரித்து, வீதி வீதியாகப் பேசித் தீர்க்கக்கூடிய கேள்விகளும்கூட.

2019 ஜூனில் நடந்தது என்ன? செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி உண்ணாவிரதம் ஆரம்பமானது. பௌத்த பிக்கு ஒருவரும் இந்து மதகுரு ஒருவரும் அதில் அமர்ந்தனர். அதற்கெதிராக முஸ்லிம்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன; மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பலியான சிறுவர்களின் நினைவு ஆறாதிருந்த காலம் அது. சம்பந்தமே இல்லாத அந்தக் கொடூரம் செயலகப் பிரச்சினையின்மீது வந்து கவிந்தது. கொழும்பிலிருந்து அமைச்சர்கள் வந்தனர். பொதுபல சேனாவின் ஞானசார தேரரும் வந்து உறுதிமொழி வழங்கினார். எல்லைகள் எவை என்ற கேள்வி, யார் யாருடன் நிற்கின்றார்கள் என்ற கேள்வியாக மாறிற்று. உறுதிமொழிகளோடு உண்ணாவிரதம் முடிந்தது, பிரச்சினை முடியவில்லை. 2024 இல் மக்கள் மீண்டும் அதே செயலகத்தின் முன் வந்து அமர்ந்தனர்.

இது இன விவகாரம் மாத்திரமே என்போருக்குச் சாய்ந்தமருதை நினைவூட்ட விரும்புகின்றோம். 1987 வரை கல்முனைப் பிரதேசத்தில் நான்கு உள்ளூராட்சிச் சபைகள் இருந்தன. அவை ஒன்றாக்கப்பட்டதன் பின்னர், சாய்ந்தமருது முஸ்லிம்கள் தமக்கெனத் தனிச்சபை கேட்டு நீண்டகாலம் போராடினர். 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பள்ளிவாசலின் ஆதரவோடு சுயேச்சைக் குழுவையே நிறுத்தினர். 2020 பெப்ரவரியில் அதற்கான வர்த்தமானி வெளியானது. சில தினங்களிலேயே அது இடைநிறுத்தப்பட்டது. ஒரே மார்க்கத்தைச் சேர்ந்த அயலவர்களுக்கிடையேயும் எல்லையும் சேவையும் பிரச்சினையாகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பாண்டிருப்புத் தமிழரின் கோரிக்கைக்கும் சாய்ந்தமருது முஸ்லிம்களின் கோரிக்கைக்கும் இடையிலுள்ள ஒற்றுமையை இரு தரப்பினரும் ஒருநாளேனும் அமர்ந்து பேசியிருந்தால், வேறொரு பாதை புலப்பட்டிருக்கக்கூடும்.

திசைமாற்றம் புதியதன்று. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கல்லாற்றையும் மருதமுனையையும் சாய்ந்தமருதையும் பாகுபாடின்றியே அழித்தது. ஆறு மாதங்கள் கழித்து, 2005 ஜூன் 24 இல் நிவாரணப் பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கையில் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் கைச்சாத்திட்டபோது, பாதிக்கப்பட்ட முஸ்லிம்கள் அதில் ஒரு தரப்பாக இடம்பெறவில்லை. அவர்களது ஆதங்கம் நியாயமானது. ஆனால் வீடிழந்தவனுக்கு எப்போது வீடு என்ற கேள்வி, கையொப்பமிடும் உரிமை யாருக்கு என்ற கேள்விக்குள் மறைந்துபோயிற்று. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதன் முக்கிய ஏற்பாடுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. கட்டமைப்பு செயற்படவேயில்லை.

ஏன் இவ்வாறு நேர்கின்றது? ஆறாத காயம் தனக்கென ஓர் அவை கிடைக்காதபோது, கிடைத்த எந்தக் கதவையும் தட்டும். 1990 ஓகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்களும், அதே மாதம் ஏறாவூரில் உறக்கத்தில் இருந்தவர்களும், வீரமுனையில் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களும், செப்டெம்பர் 9 இல் சத்துருக்கொண்டானில் குழந்தைகளோடு அழைத்துச் செல்லப்பட்டவர்களும் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். இவற்றுக்காக எவரும் முறையாகப் பொறுப்புக்கூறவில்லை. ஆணைக்குழுக்கள் அமைக்கப்பட்டன, 2011 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழுவின் அறிக்கை வந்தது, 2017 ஜனவரியில் நல்லிணக்கப் பொறிமுறைகளுக்கான கலந்தாலோசனைச் செயலணியின் அறிக்கை வந்தது. வாக்குமூலம் அளித்த தாய்மாருக்குப் பதில் வரவில்லை. அந்தப் பதில் கிடைக்காதவரை, கணக்காளர் நியமனம் பற்றிய கூட்டத்தில் அந்தத் தாய் எழுந்து நின்றால் ‘இது தலைப்புக்கு அப்பாற்பட்டது’ என்று அவரை அமரச் சொல்ல நமக்கு என்ன தகுதி உண்டு?

எனினும் இதே துயரத்தைக் கேடயமாக ஏந்துவோரும் உளர். செயலகத்துக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்கப்படும் அரசியல்வாதிக்குப் பழைய காயத்தைப் பற்றிப் பேசுவது மிக வசதியானது. ஒரு கேள்விக்கு விடை தெரியாதபோது வேறொரு கேள்விக்கு உணர்ச்சியோடு விடையளிப்பது மேடைக்கலை. மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடும் இந்தக் கலையில் தமிழ்த் தலைவர்களும் முஸ்லிம் தலைவர்களும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்லர். இக்குற்றத்தில் ஊடகங்களாகிய நமக்கும் பங்குண்டு. எல்லை வரைபடத்தை வெளியிட்ட தடவைகளைவிட, அறிக்கைப் போரை வெளியிட்ட தடவைகளே அதிகம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இவற்றோடு, பேசுவதற்குரிய சபையும் இல்லாமற்போனது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிவடைந்த பின்னர், ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடத்தப்படவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து, நிகழ்ச்சிநிரல் வைத்துப் பேசக்கூடியதாயிருந்த அவையின் கதவு அவ்வாறு மூடப்பட்டது. சபை மூடப்பட்டால் சந்திதான் சபையாகும். சந்தியில் நிகழ்ச்சிநிரல் இருக்காது.

வழி இல்லாமல் இல்லை. 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை சென்ற பேரணி கல்முனை, கல்லாறு வழியாகவே மட்டக்களப்பை அடைந்தது. காணாமலாக்கப்பட்டோர் விடயமும், காணி அபகரிப்பும், கொவிட் தொற்றினால் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரிப்பதற்கான எதிர்ப்பும் அதன் கோரிக்கைகளில் தனித்தனியே இடம்பெற்றன. ஒன்று மற்றொன்றை விழுங்கவில்லை. ஒவ்வொரு துயரத்துக்கும் பட்டியலில் ஓரிடம் இருந்தமையால், தமிழரோடு முஸ்லிம்களும் சேர்ந்து நடக்க முடிந்தது.

கல்முனைக்கும் வேண்டற்பாலது இதுவே. எல்லை, நிதி, காணி ஆகியவற்றைப் பேசுவதற்கு வரைபடத்தோடும் புள்ளிவிபரத்தோடும் ஒரு மேசை. காத்தான்குடியையும் சத்துருக்கொண்டானையும் கேட்பதற்கு, அவசரமில்லாத இன்னொரு மேசை. இரண்டாவது மேசையை இடாமல் முதலாவதில் ஒழுங்கை எதிர்பார்ப்பது பேதைமை. ‘புட்டும் தேங்காய்ப்பூவும் போல’ வாழ்ந்தோம் என்று மேடைதோறும் முழங்கும் இரு சமூகத்துத் தலைவர்களும், அந்த இரண்டு மேசைகளையும் இட முன்வருவார்களா? அல்லது பெரியகல்லாற்றிலும் மருதமுனையிலும் தேநீர் இன்னும் பல ஆண்டுகளுக்கு ஆறிக்கொண்டேதான் இருக்குமா?