எச்டி வாங்கும் முன் கேட்க வேண்டியவை

வீட்டுக்குப் பெரிய தொலைக்காட்சி வந்ததும் அடுத்து எழும் பேச்சு, "எச்டி போடலாமா?" என்பதுதான். மாதா மாதம் கட்டணம் கட்டப்போவது அம்மாவும் அப்பாவும். ஆனால், ஒப்பந்தப் பாரத்தைப் படித்து விளக்கப்போவது பெரும்பாலும் நாம்தான். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாயும் ஆங்கிலமுமாகப் படித்து வந்த என்னைப் போன்றவர்களுக்கு வீட்டில் இந்தப் பொறுப்பு எப்போதோ வந்துவிட்டது. அதைச் சரியாகச் செய்ய வேண்டுமானால், விளம்பரத்தைத் தாண்டி நமக்குச் சில விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பழைய தரத்துப் படத்தில் குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளிகள். முழு எச்டி படத்தில் 1920, 1080. பெருக்கிப் பார்த்தால் சரியாக ஐந்து மடங்கு. இந்த ஐந்து மடங்கும் நம் கண்ணுக்கு வந்து சேர, நிகழ்ச்சி எச்டியில் பதிவாகியிருக்க வேண்டும். அலைவரிசை எச்டியில் ஒளிபரப்ப வேண்டும். டிகோடரும் திரையும் எச்டியாக இருக்க வேண்டும். இரண்டையும் எச்டிஎம்ஐ கம்பி இணைக்க வேண்டும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய கம்பியில் எச்டி படம் வராது. பழைய ஒளிநாடாவிலிருந்து எடுத்துப் போடும் தமிழ்ப்படம் எச்டி அலைவரிசையில் வந்தாலும் பழைய தெளிவில்தான் இருக்கும்.

திரையின் அளவும் நாம் உட்காரும் தூரமும் முக்கியம். 32 அங்குலத் திரையை மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்து பார்த்தால், சாதாரணக் கண்களுக்கு எச்டியின் கூடுதல் தெளிவில் பெரும்பகுதி தெரியாது. அதே தூரத்தில் 55 அங்குலத் திரை என்றால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆகவே, சிறிய திரை உள்ள வீட்டில் எச்டிக்கென்று கூடுதல் பணம் கட்டும் முன் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இனி, யாரிடம் வாங்குவது? நம் நாட்டில் ஆஸ்ட்ரோ 1996இல் சேவையைத் தொடங்கி, 2009 டிசம்பரில் எச்டியைக் கொண்டு வந்தது. மாதக் கட்டணம் இல்லாத என்ஜோய் 2012இல் வந்தது. இரண்டுமே மீசாட் துணைக்கோளம் வழியாகத்தான் நம் வீட்டுக் கூரைக்கு வருகின்றன. அந்தத் துணைக்கோளம் இருப்பது ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில். அங்கிருந்து வரும் அலையைக் கனமழை வலுவிழக்கச் செய்யும். மாலை மழையில் படம் நின்றுபோவது இதனால்தான். எச்டிக்கு மாறினாலும் மழை நம்மை விடாது.

கூரையில் தட்டு இல்லாமலும் எச்டி பார்க்கலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். 2019 அக்டோபர் 31ஆம் தேதியோடு நாடு முழுவதும் பழைய அனலாக் ஒளிபரப்பு முடிந்து, மின்னியல் ஒளிபரப்பு முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அந்தச் சேவைக்கு மாதக் கட்டணம் கிடையாது. அண்டெனாவும், அதற்கேற்ற டிகோடரோ தொலைக்காட்சியோ இருந்தால் போதும். அதிலும் எச்டி அலைவரிசைகள் உண்டு. ஆர்டிஎம்மின் தமிழ்ச் செய்தியும் கிடைக்கும். ஆனால், தமிழ்த் தொடர்களும் புதுப்படங்களும் தினமும் வேண்டும் என்பவர்களுக்கு அது போதாது. இணையம் வழி பார்க்கலாம் என்றால், எச்டி படம் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 3 ஜிகாபைட் வரை இழுக்கும். வீட்டில் வைஃபை இல்லாமல் கைப்பேசித் தரவை நம்பியிருப்பவர்களுக்கு அது கட்டுப்படியாகாது.

என் யோசனை எளிது. கையெழுத்துப் போடும் முன் வீட்டில் எல்லாரும் அமர்ந்து, ஒரு வாரத்தில் உண்மையில் எந்த அலைவரிசைகளைப் பார்க்கிறோம் என்று எழுதிப் பாருங்கள். பாட்டி பார்க்கும் தமிழ் அலைவரிசை எச்டியில் வருகிறதா? எந்தத் தொகுப்பில் வருகிறது? சலுகை விலை எத்தனை மாதங்களுக்கு, அதன் பிறகு எவ்வளவு? ஒப்பந்தக் காலம் முடியும் முன் நிறுத்தினால் அபராதம் உண்டா? விற்பனையாளர் வாயால் சொல்வது பாரத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாதம் 20 வெள்ளி கூடினால் என்ன என்று தோன்றலாம். ஈராண்டு ஒப்பந்தத்தில் அது 480 வெள்ளி. பல குடும்பங்களுக்கு அது தங்கையின் பள்ளிப் பேருந்துக் கட்டணம், தம்பியின் டியூசன் பணம். எச்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாள் முழுவதும் உழைத்து வரும் பெற்றோர் தெளிவான படம் பார்க்க ஆசைப்படுவதில் தவறே இல்லை. அவர்கள் கட்டும் காசுக்குரிய படம் அவர்கள் கண்ணுக்கு வந்து சேருகிறதா என்று பார்க்கும் வேலையைப் படித்த பிள்ளைகளாகிய நாம் செய்வோம்.