இது கட்டிதானா? - சகோதரிகளின் ஒரு சந்தேகம்



கிளினிக்குக்குப் போன இடத்தில் கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தைத் தருகிறார்கள். "உங்கள் மார்பகங்களை மாதம் ஒரு முறை நீங்களே பரிசோதித்துக் கொள்ளுங்கள்" என்று அதில் எழுதியிருக்கிறது. படமும் போட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் கண்ணில் படாமல் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிடுகிறோம். ஒரு நாள் துணிந்து, குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு செய்து பார்க்கிறோம். கைக்கு என்னென்னவோ தட்டுப்படுகிறது. இங்கே ஒரு முடிச்சு, அங்கே ஒரு தடிப்பு. எது இயற்கை, எது நோய் என்று விளங்கவில்லை. நெஞ்சு படபடக்கிறது. "எனக்கு இது சரிவராது" என்று அத்தோடு விட்டுவிடுகிறோம்.

இன்னும் சில சகோதரிகள் இதற்கு நேர் மாறு. தினமும் தொட்டுத் தொட்டுப் பார்த்து, தூக்கத்தைத் தொலைத்துவிடுவார்கள். ஆனால் ஒருவரிடமும் வாய் திறந்து கேட்கமாட்டார்கள்.

இந்த இரண்டு பேரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். தட்டுப்பட்டது என்ன நோய் என்று தாங்களே கண்டுபிடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறார்கள். அது நம் வேலையே அல்ல. அது டொக்டரின் வேலை. நம் வேலை ஒன்றே ஒன்றுதான்: "முன்பு இப்படி இருக்கவில்லை" என்பதைக் கண்டுகொள்வது, கண்டதும் போய்க் காட்டுவது.

எப்படிச் செய்வது என்று சொல்வதற்கு முன், இந்த வெட்கம் என்ற விஷயத்தைப் பேசி முடித்துவிடுவோம். அதற்கு ஒரு பழைய சம்பவம் இருக்கிறது.

பண்டத்தரிப்பில் தொடங்கிய கதை

யாழ்ப்பாணத்தில், மாதகல் பக்கமாகப் போகிற வழியில் பண்டத்தரிப்பு என்று ஓர் ஊர். 1820இல் ஜோன் ஸ்கடர் என்ற அமெரிக்க டொக்டர் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். மதப் பணிக்கென்று வந்தவர்தான் என்றாலும் வைத்தியமும் பார்த்தார். அமெரிக்காவிலிருந்து இப்படி வெளிநாட்டுக்கு வந்த முதல் மிஷன் டொக்டர் அவரே. பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் இருந்துவிட்டு, 1836இல் சென்னைக்குப் போனார். அவருடைய பிள்ளைகளும் தமிழ்நாட்டிலேயே அந்தப் பணியைத் தொடர்ந்தார்கள்.

அவருடைய பேத்தி ஐடா. 1890களின் தொடக்கம். ஐடாவின் தகப்பனார் திண்டிவனத்தில் டொக்டராக இருந்தார். நோயுற்றிருந்த தாயைக் கவனிக்க அமெரிக்காவிலிருந்து ஐடா அங்கே வந்திருந்தார். அப்போது அவர் டொக்டர் அல்ல. டொக்டராகும் எண்ணமும் இல்லை. ஓர் இரவில் மூன்று வீடுகளிலிருந்து மூன்று கணவன்மார், ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மூவர் மனைவிமாரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தார்கள். "எனக்கு வைத்தியம் தெரியாது, என் தகப்பனார் வருவார்" என்றார் ஐடா. அந்நிய ஆண் வந்து பார்ப்பதை மூவரும் ஏற்கவில்லை, திரும்பிப் போய்விட்டார்கள். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது. அந்த மூவரில் ஒருவர் முஸ்லிம்.

அந்த இரவுதான் ஐடாவை மாற்றியது. அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய் வைத்தியம் படித்தார். 1899இல் பட்டம் பெற்று, 1900இல் திரும்பி வந்து வேலூரில் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென்றே அங்கு ஒரு மருத்துவப் பள்ளியையும் ஆரம்பித்தார். இன்று உலகம் அறிந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அப்படி வளர்ந்ததுதான்.

சகோதரிகளே, அந்த மூன்று பெண்களுக்கும் காட்டுவதற்கு ஒரு பெண் டொக்டர் இருக்கவில்லை. நமக்கு இருக்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளே டொக்டர்களாகவும் தாதிகளாகவும் மருத்துவிச்சிகளாகவும் வந்துவிட்டார்கள். பெண் டொக்டர் கிடைக்காத இடத்தில், தேவைக்கு ஆண் டொக்டரிடம் காட்டலாம் என்பதையும் நம் மார்க்க அறிஞர்கள் சொல்லியே வந்திருக்கிறார்கள். நம் உடம்பை நம் கையால் தொட்டுப் பார்ப்பதிலோ எந்த வெட்கக்கேடும் இல்லை. வெட்கம் ஈமானின் ஒரு பகுதிதான். ஆனால் உயிருக்கு ஆபத்து வரும்வரை நோயை மூடி வைப்பது அந்த வெட்கம் அல்ல.

எந்த நாளில் பார்ப்பது?

மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் மார்பகங்கள் கனத்து, நொந்து, மணிமணியாக இருக்கும். அந்த நாட்களில் தொட்டால் எல்லாமே கட்டி போலத்தான் தோன்றும். அதனால் மாதவிடாய் முடிந்த பிறகே பார்க்க வேண்டும். நமக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு வசதியும் உண்டு. மாதவிடாய் நின்று, கடமையான குளிப்பைக் குளிக்கும் நாள் இருக்கிறதே, அந்த நாளோ அடுத்த இரண்டு மூன்று நாட்களோதான் சரியான நேரம். வேறு கணக்குத் தேவையில்லை.

மாதவிடாய் நின்றுபோன உம்மாமார், மாதத்தில் ஏதாவது ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம். பால் கொடுக்கும் தாய்மார், குழந்தை குடித்து முடித்த பிறகு பார்க்க வேண்டும்.

கண்ணால் பார்ப்பது

முதலில் கண்ணாடி முன் நின்று பாருங்கள். கைகளைத் தொங்கவிட்டு ஒரு முறை, மேலே தூக்கி ஒரு முறை, இடுப்பில் ஊன்றி அழுத்தி ஒரு முறை. இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதில்லை; பெரும்பாலான பெண்களுக்கு ஒரு பக்கம் சற்றுப் பெரிதாகவே இருக்கும். புதிதாக ஏதும் மாறியிருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும். தோல் ஓரிடத்தில் உள்ளே இழுத்துக் குழி விழுந்திருக்கிறதா? தோடம்பழத் தோல்போல் புள்ளி புள்ளியாகத் தடித்திருக்கிறதா? முன்பு வெளியே இருந்த காம்பு இப்போது உள்ளே போயிருக்கிறதா? காம்பைச் சுற்றி ஆறாத புண், செதில் உண்டா? அமுக்காமலே இரத்தமோ நீரோ கசிந்து உள்ளாடையில் படுகிறதா?

கையால் பார்ப்பது

கட்டிலில் மல்லாந்து படுத்து, வலது தோளுக்கு அடியில் ஒரு சிறு தலையணையை வைத்து, வலது கையைத் தலைக்கு அடியில் வையுங்கள். இடது கையால் வலது மார்பகத்தைப் பாருங்கள். விரல் நுனியால் குத்திப் பார்க்கக் கூடாது. நடு மூன்று விரல்களின் உட்பக்கச் சதையால், ஒரு ரூபாய்க் குற்றி அளவு சிறு வட்டமாக உருட்டிப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் முதலில் மெதுவாக, பிறகு சற்று அழுத்தி, பிறகு விலா எலும்பு தட்டுப்படும்வரை அழுத்தி, மூன்று விதமாக. கையை எடுக்காமல், முற்றம் கூட்டுவதுபோல மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக வரிசை வரிசையாகப் போங்கள். மேலே காறை எலும்பு, கீழே மார்பின் மடிப்பு, உள்ளே நெஞ்செலும்பு, வெளியே கமக்கட்டு. இதுதான் எல்லை. கமக்கட்டுக் குழியையும் விட்டுவிடாதீர்கள். பிறகு மற்றப் பக்கம். படுத்துப் பார்க்க வசதி இல்லாவிட்டால், குளிக்கும்போது சவர்க்காரம் பூசிய கையாலும் பார்க்கலாம்.

இனி, நாம் தொடங்கிய சந்தேகத்துக்கு வருவோம். மார்பகம் இயற்கையிலேயே வழுவழுப்பானது அல்ல. பலருக்குச் சவ்வரிசிப் பையைத் தொட்டதுபோல இருக்கும். மேல் வெளிப்பக்கம் சதை கூடுதலாக இருக்கும். கீழ் மடிப்பில் ஒரு வரம்பு போலத் தடிப்பு இருக்கும். அதற்கும் அடியில் தட்டுப்படுவது விலா எலும்பு. ஓரிடம் சந்தேகமாக இருந்தால், மற்ற மார்பகத்தில் அதே இடத்தைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தால் அநேகமாக அது உங்கள் உடம்பின் அமைப்பு. ஒரு பக்கம் மட்டும், கடலைபோல், கொட்டைபோல் தனித்து நின்றால் அது காட்ட வேண்டியது.

முதல் இரண்டு மூன்று மாதங்களில் எதையும் கண்டுபிடிக்க முயல வேண்டாம். பழகிக்கொண்டால் போதும். உங்கள் சமையலறையில் இருட்டிலும் உப்புப் போத்தலை எடுத்துவிடுகிறீர்கள் அல்லவா? இடம் மாறி வைத்தால் கை உடனே சொல்லிவிடும். அதே பழக்கம்தான் இதுவும்.

எவ்வளவு நாள் பொறுப்பது?

மாதவிடாய் வருகிற வயதில், சந்தேகமான ஒரு தடிப்புத் தெரிந்தால் அடுத்த மாதவிடாய் முடியும்வரை பொறுத்து மறுபடி பாருங்கள். போய்விட்டால் நல்லது. அப்படியே இருந்தால் காட்டுங்கள். பால் கொடுக்கும் காலத்தில் வரும் பால்கட்டு ஓரிரு வாரத்தில் கரையாவிட்டால் காட்டுங்கள். மாதவிடாய் நின்றவர்களும், தோலில் குழி, காம்பில் இரத்தம், தெளிவான புதுக் கட்டி என்று கண்டவர்களும் பொறுக்கவே வேண்டாம்.

"நோகவில்லையே, அப்படியென்றால் ஒன்றுமில்லை" என்று சொல்வார்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். ஆரம்பத்தில் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் நோகாது. "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே" என்பார்கள். இந்த நோய் கண்ட பெண்களில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் அது இருந்ததில்லை. ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் நம் வழக்கம். செய்யுங்கள். ஆனால் அதைச் செய்துகொண்டே ஆஸ்பத்திரிக்கும் போங்கள்.

அதேபோல், கட்டி என்றதும் மவுத்தை நினைக்கவும் வேண்டாம். பெண்கள் காட்ட வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. நீர்க்கட்டி, சாதாரணச் சதைக்கட்டி என்றே முடியும். புற்றுநோயாகவே இருந்தாலும், சிறிதாக இருக்கும்போது பிடித்துவிட்டால் குணமாக்க வழி அதிகம். எல்லோருக்கும் மார்பகம் முழுவதையும் எடுக்க வேண்டியதும் இல்லை. ஊசி குத்திப் பரிசோதித்தால் நோய் பரவிவிடும் என்பது வெறும் பயம்.

கையை மட்டும் நம்பலாமா?

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சீனாவின் ஷாங்காய் நகரில், நெசவாலைகளில் வேலை செய்த இரண்டு இலட்சத்து 66 ஆயிரம் பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சுயபரிசோதனையைக் கற்றுக்கொடுத்துப் பத்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். 2002இல் முடிவு வந்தது. கற்றவர்களிடமும் கல்லாதவர்களிடமும் இந்த நோயால் இறந்தவர்கள் தொகை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. கற்றவர்கள் சாதாரணக் கட்டிகளைத்தான் கூடுதலாகக் கண்டார்கள். அதனால்தான் இன்று டொக்டர்கள், "முறை பிசகாமல் செய்" என்று வற்புறுத்துவதில்லை. "உன் உடம்பை அறிந்து வைத்திரு, மாற்றம் கண்டால் வா" என்கிறார்கள். முறையில் சிறு பிழை விட்டால் குடி முழுகிவிடாது. காட்டாமல் இருப்பதே ஆபத்து.

மும்பையில் நடந்த இன்னோர் ஆய்வையும் கேளுங்கள். டாட்டா நினைவு மருத்துவமனையினர் 1998இல் தொடங்கி, பயிற்சி பெற்ற பெண் ஊழியர்களைக் கொண்டு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பெண்களின் மார்பகங்களைக் கையால் பரிசோதிக்கச் செய்தார்கள். சேர்ந்தவர்கள் ஒன்றரை இலட்சம் பேர். அவர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பரிசோதனை. 2021இல் வெளியான முடிவின்படி, பரிசோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முன்னதாகவே பிடிபட்டது. ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் மரணம் கிட்டத்தட்ட முப்பது வீதம் குறைந்தது. ஆகவே உங்கள் கையோடு, பழகிய இன்னொரு பெண்ணின் கையும் சேர வேண்டும்.

அந்தக் கை எங்கே இருக்கிறது? இலங்கையில் பெண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் இதுதான். அதற்காகவே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளை ஒட்டி, முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கு இலவசமாக 'வெல் வுமன்' கிளினிக் நடக்கிறது. நாள், நேரத்தை உங்கள் பகுதி மருத்துவிச்சியிடம் கேளுங்கள். போகும்போது, "எப்படிப் பார்ப்பது என்று என் கையைப் பிடித்துக் காட்டித் தாருங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள். படத்தைப் பார்த்து விளங்காதது அங்கே இரண்டு நிமிடத்தில் விளங்கிவிடும். தமிழகத்துச் சகோதரிகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். வயது நாற்பதைத் தாண்டியவர்களும், தாய்க்கோ சகோதரிக்கோ இந்நோய் வந்தவர்களும் மமோகிராம் தேவையா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

யாழ்ப்பாணத்துப் பெண்கள் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மகரகமவுக்குப் பயணப்பட்ட காலம் இருந்தது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து பணம் சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. ஸ்கடர் வந்திறங்கிய பண்டத்தரிப்புக்கு அது பக்கத்தில்தான். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று நாடே நடந்தது. நாம் நம் வீட்டு வாசலைத் தாண்டி நடந்தால் போதும்.

டொக்டர் முன் உட்கார்ந்ததும் வார்த்தை வராவிட்டால் இந்த ஒரு வரியைச் சொல்லுங்கள்: "இந்த இடம் முன்பு இப்படி இருக்கவில்லை." மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

இதைப் படித்து முடித்ததும் உம்மாவுக்கும் மாமிக்கும் ராத்தாவுக்கும் படித்துக் காட்டுங்கள். அந்தத் துண்டுப் பிரசுரத்தையும் சேலைக்கு அடியிலிருந்து வெளியே எடுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தந்தருள்வானாக.