அட்டை உள்ளே, ஆள் வெளியே

கணினி படிக்கும் மாணவர்கள் பலருக்கு யுஎம்எல் (ஒருங்கிணைந்த மாதிரியாக்க மொழி) என்றால் இறுதியாண்டு அறிக்கையில் ஒட்டவேண்டிய பெட்டிப் படங்கள், அவ்வளவுதான். நிரலை எழுதி முடித்துவிட்டு, சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவில் வரைவார்கள். அப்படி வரைந்த படத்தால் யாருக்கும் பயனில்லை.

1990களின் தொடக்கத்தில் பொருள்சார் நிரலாக்கத்தில் ஆளுக்கொரு குறியீட்டு முறை இருந்தது. கிரேடி பூச் நிரலின் ஒரு வகுப்பை (class) மேகமாக வரைந்தார். ஜேம்ஸ் ரம்பா செவ்வகமாக வரைந்தார். 1994இல் பூச் வேலை செய்த ரேஷனல் நிறுவனத்தில் ரம்பா சேர்ந்தார், மறு ஆண்டு இவார் யாக்கப்சனும் வந்தார். மூவரின் முறைகளும் கலந்து பிறந்த யுஎம்எல் மொழியை ஓஎம்ஜி என்ற தரநிர்ணய அமைப்பு 1997 நவம்பரில் தரநிலையாக ஏற்றது. நிலைத்தது செவ்வகம். மேகத்தைக் கையால் வரைந்து பார்த்தவர்கள் வருந்தமாட்டார்கள்.

அதே 1997இல்தான் தட்டிக் கட்டணம் செலுத்தும் டச் அண்ட் கோ அட்டையும் மலேசியாவில் நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் புழக்கத்துக்கு வந்தது. அதையே வரைந்து பார்ப்போம். அந்நிறுவனத்தின் உள் வடிவமைப்பு அல்ல இது; பயணியின் கண்ணுக்குத் தெரிவது மட்டும்.

முதலில் வகுப்புப் படம்: ‘அட்டை’ ஒரு செவ்வகம், ‘பயணம்’ இன்னொன்று. நடுவே ஒரு கோடு. கோட்டின் ஒரு முனையில் 1, மறுமுனையில் நட்சத்திரக் குறி: ஓர் அட்டைக்கு எத்தனை பயணமும் இருக்கலாம், ஒரு பயணத்துக்கு ஓர் அட்டைதான். அப்படியானால் அப்பாவின் அட்டையைத் தட்டி நுழைந்த மகன் தன் அட்டையைத் தட்டி வெளியேற முடியாது. கோட்டின் முனையில் எழுதிய ஓர் எண் அந்த விதியைச் சொல்லிவிட்டது.

இதைவிடச் சுவையானது நிலைப்படம். அட்டைக்கு ‘வெளியே’, ‘உள்ளே’ என இரண்டே நிலைகள். நுழையும் வாயிலில் தட்டினால் ‘வெளியே’யிலிருந்து ‘உள்ளே’க்கு ஓர் அம்புக்குறி; வெளியேறும் வாயிலில் தட்டினால் திரும்ப இன்னொன்று. ஒருவர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் தட்டி நுழைகிறார். கிள்ளானில் வாயில் திறந்திருக்க, தட்டாமலே போய்விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆள் வீட்டில், அட்டையோ இன்னும் ‘உள்ளே’. மறுநாள் காலை கிள்ளானில் நுழையத் தட்டுகிறார். இயந்திரம் அதை வெளியேறுவதாக எடுத்துக்கொள்வதா, மறுப்பதா, முகப்புக்கு அனுப்புவதா? பத்துப் பக்கத் தேவை அறிக்கையில் இந்தக் கேள்வி எளிதில் விட்டுப்போகும். படத்தில் அம்பு இல்லாத இடம் உடனே உறுத்தும்.

இருப்புத் தொகை அட்டையின் சில்லிலேயே இருப்பதால் செயல்கள் நடக்கும் வரிசையும் முக்கியம். பணத்தைக் கழிக்கும்போது நடுவில் அட்டையை இழுத்துவிட்டால்? மேலிருந்து கீழாக நேரம் ஓடும் தொடர்வரிசைப் படம் இதற்கானது.

யுஎம்எல் 2.5இல் 14 வகைப் படங்கள் உண்டு. பெரும்பாலான வேலைக்கு மேலே சொன்ன மூன்றே போதும் என்பது என் கருத்து. மாணவர்களே, அந்த மூன்றையும் நிரலின் முதல் வரிக்கு முன்னால் வரையுங்கள். காகிதமும் பென்சிலும் போதும்.